காமெடி ஷோ பார்த்து வந்த அரசியல் ஆர்வம்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

நியூ ஜெர்சியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 20. ஒன்பது வயதில் அப்பா, அம்மாவோடு அமெரிக்கா வந்தவர், குடியுரிமை கிடைத்து இந்த வருடம்தான் முதல் ஓட்டுப் போடப் போகிறார். அறை நண்பன் போட்டுக் காட்டிய, டிவியில் அரசியல் காமெடி நிகழ்ச்சி நடத்தும் ஜான் ஆலிவரின் வீடியோவில் ஆரம்பித்து, அப்புறம் ஜான் ஸ்டூவர்ட்டின் பழைய நிகழ்ச்சிகள், அதற்கப்புறம் ராத்திரி கேபிள் சேனல் விவாதங்கள் என்று தினமும் இரண்டு, மூன்று மணி நேரம் போகிறதாம். "காமெடி பார்த்து வந்த ஆர்வம் நிஜமான ஆர்வமா அக்கா? நண்பர்களோட பேசும்போது ஜெயிக்கிற மாதிரி இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியும் இருக்கு. அப்பா, 'அரசியல் நமக்கெதுக்கு, படிக்கிற வேலையைப் பார்'ங்கிறார். அடுத்து என்ன செய்யணும்?" இதுதான் கேள்வி.

நிஜமான ஆர்வம்தான் தம்பி. எனக்கும் இந்த வழியாகத்தான் வந்தது, இருபது வருடமாகியும் விடவில்லை. ஆனால் "ஒண்ணும் தெரியாத மாதிரியும் இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் 2004 ஆகஸ்டில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸுக்கு வந்தேன். மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து வருடம் கணக்குப் பார்த்தவள். இங்கே கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவர் மனைவி என்ற முறையில் எச்-4. அன்றைக்கு அந்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டவும் அப்போது தெரியாது. காலையில் அவர் கிளம்பிய பிறகு வீட்டில் நானும் டிவியும்தான். அது தேர்தல் வருடம், அதுவும் ஒஹாயோ. எந்தச் சேனலைத் திருப்பினாலும் புஷ்ஷுக்கோ கெரிக்கோ விளம்பரம் ஓடும். கடைசியில் அந்த மாநிலத்தில் வித்தியாசம் 1,18,000 ஓட்டுப்போலத்தான் இருந்தது. ஒஹாயோ மாறியிருந்தால் ஜனாதிபதியே மாறியிருப்பார்.

அந்த வாரங்களில்தான் ஜான் ஸ்டூவர்ட்டின் 'தி டெய்லி ஷோ' கண்ணில் பட்டது. ராத்திரி 11 மணிக்கு வரும், மறுநாள் மறு ஒளிபரப்பும் உண்டு. ஆங்கிலம் எனக்குப் புரிந்தது. சிரிப்புதான் புரியவில்லை. அவர் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார், அரங்கமே குலுங்கும், நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்ன வயதில் அப்பா துக்ளக் கேள்வி பதிலைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தனக்குத்தானே சிரிப்பார். "என்னப்பா?" என்றால், "முதல்ல எமர்ஜென்சின்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும், அப்புறம்தான் இது புரியும்" என்பார். அதே இடத்தில் மறுபடியும் நிற்பது போல இருந்தது.

ஊரிலிருந்து கொண்டு வந்த எல்.ஐ.சி டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம், எந்த வார்த்தைக்குச் சிரித்தார்களோ அது. வலது பக்கம், நூலகத்துக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்த விளக்கம். எலக்டோரல் காலேஜ்: ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் குழு, மொத்தம் 538 பேர், ஜெயிக்க 270. ஃபிலிபஸ்டர்: செனட்டில் ஒரு மசோதாவை ஓட்டெடுப்புக்கே வரவிடாமல் பேசியே தடுப்பது, அதை உடைக்க 60 பேர் வேண்டும். ஆறு மாதத்தில் டைரி பாதி நிரம்பிவிட்டது. அதற்கப்புறம் நிகழ்ச்சி பார்க்கும்போது நானும் சரியான இடத்தில் சிரித்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காமெடி உங்களுக்கு அரசியலைச் சொல்லித் தருவதில்லை. ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது நகைச்சுவை. தெரியாதவருக்கு, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பை உண்டாக்குகிறது. அந்த அரிப்பு பெரிய விஷயம், பாடப் புத்தகத்தால் அதைக் கொடுக்க முடியாது. ஆனால் வலது பக்கத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். இப்போது உங்கள் டைரியில் இடது பக்கம் மட்டும் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த நிகழ்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது கிண்டல் இல்லை, அதன் வேலை முறை. ஒரு தலைவர் இன்று பேசியதைக் காட்டுவார்கள், உடனே அதே ஆள் மூன்று வருடத்துக்கு முன் பேசியதையும் காட்டுவார்கள். 2003-ல் அப்படி ஒரு 'விவாதம்' செய்தார்கள். 2000-ல் கவர்னராக இருந்த புஷ் ஒரு பக்கம், 2003-ல் ஜனாதிபதியான புஷ் இன்னொரு பக்கம், நடுவில் ஸ்டூவர்ட். இன்னொரு நாட்டைக் கட்டியெழுப்புவதற்கு நம் ராணுவத்தை அனுப்பக் கூடாது என்கிறார் கவர்னர். ஈராக்கில் அதையே செய்துகொண்டிருக்கிறார் ஜனாதிபதி. எல்லாம் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள். கணக்கு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காரியம். கேஷ் புக்கையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக டிக் அடிப்போம், ஒட்டாத வரியில் நிற்போம். ஸ்டூவர்ட்டிடம் நான் கற்றுக்கொண்டது இந்த டிக் அடிக்கும் பழக்கம்தான். கருத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, பல விஷயங்களில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது.

காமெடி ஒரு விஷயத்தை எவ்வளவு ஆழமாகக் கொண்டுபோக முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது, அப்போது ஸ்டூவர்ட்டைப் போலவே காமெடி நிகழ்ச்சி நடத்திய ஸ்டீபன் கோல்பேரின் சூப்பர் பேக் கதை. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை. அவசியம் தேடிப் பாருங்கள்.

2010 ஜனவரியில் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்தலுக்காகக் கம்பெனிகளும் சங்கங்களும் தனியாகச் செலவு செய்வதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சில வாரங்களில் இன்னொரு நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்து, தேர்தலுக்காகப் பணம் திரட்டிச் செலவு செய்யும் சூப்பர் பேக் என்ற அமைப்பு முளைத்தது. வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுத்தால் ஒருவர் ஒரு தேர்தலுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, 2012-ல் அது 2,500 டாலர். சூப்பர் பேக்குக்கு வரம்பே கிடையாது. முக்கியமாக இரண்டு நிபந்தனைகள்: யார் கொடுத்தது என்று வெளியே சொல்ல வேண்டும், வேட்பாளரோடு கலந்து பேசித் திட்டம் போடக் கூடாது. செய்தித்தாளில் இதைப் படித்தால் மூன்றாவது வரியில் கண் சொருகும். கோல்பேர் என்ன செய்தார் தெரியுமா? தானே ஒன்றைத் தொடங்கிவிட்டார். 2011 ஜூன் 30 அன்று தேர்தல் ஆணையத்துக்கு நேரில் போய் அனுமதி வாங்கி, வெளியே கூடியிருந்தவர்களிடம் அங்கேயே நன்கொடையும் வசூலித்தார்.

அவருக்கு வக்கீலாக நிகழ்ச்சிக்கு வந்தவர் டிரெவர் பாட்டர். அதே தேர்தல் ஆணையத்தின் தலைவராக முன்பு இருந்தவர், ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஜான் மெக்கெயினின் பிரசாரத்துக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர். அதனால் மேடையில் அவர் சொன்ன ஒவ்வொரு பதிலும் உண்மையான சட்டம். எனக்கு மறக்காத காட்சி ஒன்று உண்டு. பெயர் வெளியே தெரியாமல் பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கோல்பேர் கேட்கிறார். லாப நோக்கமில்லாத நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்யலாம், அது நன்கொடையாளர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்கிறார் பாட்டர். அந்த நிறுவனம் என் சூப்பர் பேக்குக்குப் பணம் கொடுக்கலாமா? கொடுக்கலாம். அப்போது என் சூப்பர் பேக் யார் பெயரைக் காட்டும்? அந்த நிறுவனத்தின் பெயரை. அதற்குப் பின்னால் இருப்பவர்? தெரியாது. இதற்கும் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார் கோல்பேர். சொல்வது கஷ்டம் என்கிற மாதிரி பாட்டர் பதில் சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் இதே வடிவத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கு, அதிலிருந்து மூன்றாவது, கடைசியில் வவுச்சரில் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயருக்குப் பின்னால் ஆள் இருக்க மாட்டார். உலகத்தின் பெரிய ஜனநாயகம் ஒன்றில் இது சட்டப்படி நடக்கிறது என்று அன்று ராத்திரிதான் எனக்குப் புரிந்தது. 2012 ஜனவரியில் தானே வேட்பாளராக நிற்கப்போகிறேன் என்று சொல்லி, மேடையிலேயே கையெழுத்துப் போட்டு சூப்பர் பேக்கை ஸ்டூவர்ட்டிடம் ஒப்படைத்தார் கோல்பேர். இருவரும் பல வருட நண்பர்கள். ஆனாலும் 'கலந்து பேசவில்லை' என்பது சட்டப்படி சரி. அதற்குள் 10 லட்சம் டாலருக்கு மேல் வசூலாகியிருந்தது. மீந்த பணம் பின்னால் தொண்டு அமைப்புகளுக்குப் போனது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆனென்பர்க் மையம் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தேர்தல் நிதி விஷயத்தில் கோல்பேர் பார்த்தவர்களுக்கு மற்றச் செய்தி பார்த்தவர்களைவிட அதிகம் தெரிந்திருந்தது என்று சொன்னது. உங்கள் நண்பர்கள் இனிமேல் கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஆய்வு எதைப் பற்றியது என்பதையும் கவனியுங்கள். ஒரே விஷயத்தை மாதக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்த ஒரு தொடரைப் பற்றியது. ஏழு நிமிட கிளிப் பத்துப் பார்ப்பதற்கு அது பொருந்தாது.

இப்போது மறுபக்கம். 2006-ல் பாம்கார்ட்னர், மாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இருக்கிறது. டெய்லி ஷோ பார்த்த மாணவர்கள் புஷ், கெரி இரண்டு பேரையுமே மட்டமாக மதிப்பிட்டார்கள், தேர்தல் முறைமேலேயே நம்பிக்கை குறைந்தது. அதே சமயம் "அரசியல் எனக்கு நன்றாகப் புரிகிறது" என்ற எண்ணம் மட்டும் கூடியது. நீங்கள் எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள்: ஜெயிக்கிற மாதிரியும் இருக்கு, தெரியாத மாதிரியும் இருக்கு. அந்த மாணவர்களுக்கு முதல் பாதி மட்டும்தான் வந்தது. உங்களுக்கு இரண்டாம் பாதியும் வந்திருக்கிறது, அது நல்லது.

எங்கள் ஊர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. கோல்பேர் அப்போது வலதுசாரி டிவி விமர்சகர் போல வேஷம் போட்டு நடித்துக்கொண்டிருந்தார். பழமைவாதப் பார்வை கொண்டவர்களில் பலர், அவர் கிண்டல் செய்வது போல நடிக்கிறாரே தவிர மனதுக்குள் அதையே நம்புகிறார் என்று எடுத்துக்கொண்டார்களாம். ஒரே காட்சி, ஒரே சிரிப்பு, ஆளுக்கொரு அர்த்தம். அதனால் ஒரு கிளிப்பை அனுப்பி யாரையும் மாற்றிவிடலாம் என்று நம்பாதீர்கள்.

இன்னொரு ஆபத்து, நகைச்சுவை நம் ஞாபகத்தில் உண்மையை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வது. 2008-ல் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற சேரா பேலின் "என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்" என்று சொன்னதாக இன்றைக்கும் பலர் சொல்வார்கள். அதைச் சொன்னது 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் பேலினாக வேஷம் போட்ட டினா ஃபே. பேலின் பேட்டியில் சொன்னது, அலாஸ்காவில் ஒரு தீவிலிருந்து ரஷ்ய நிலம் தெரியும் என்பது. அது உண்மை. இரண்டு டயோமீட் தீவுகளுக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர்தான், ஒன்று அமெரிக்காவுடையது, மற்றது ரஷ்யாவுடையது. வெளியுறவு அனுபவத்துக்கு அதை ஒரு தகுதியாகச் சொல்லலாமா என்று விமர்சிக்கலாம், விமர்சிக்கத்தான் வேண்டும். ஆனால் சொல்லாததைச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டு விமர்சிக்கக் கூடாது. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன், பேட்டி முழுவதையும் பார்த்த பிறகு டைரியில் திருத்தி எழுதினேன்.

ராத்திரி விவாதங்களைப் பற்றிக் கேட்டீர்கள். இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் நீங்கள் செலவழிக்கும் நேரம்தான் எனக்குக் கவலை. 1996 ஜூலை 15-ல் எம்.எஸ்.என்.பி.சி என்ற செய்திச் சேனல் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22-ல் டெய்லி ஷோ, அப்போது வேறொருவர் நடத்தினார். அக்டோபர் 7-ல் ஃபாக்ஸ் நியூஸ். மூன்று மாதத்துக்குள் மூன்றும் வந்துவிட்டன. 24 மணி நேரத்தை நிரப்ப வேண்டிய சேனலுக்கு நிருபரை ஊர் ஊராக அனுப்புவது செலவு, நாலு பேரை ஸ்டுடியோவில் உட்கார வைப்பது மலிவு. மதுரையில் என் அம்மா பார்க்கும் ராத்திரி விவாதங்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேர நிகழ்ச்சியில், எனக்குப் புதிதாகத் தெரிந்த தகவல் ஆறு நிமிடம் வந்தது. மீதி நேரம் அந்த ஆறு நிமிடத்தைப் பற்றி யாருக்கு எவ்வளவு கோபம் என்பது. நீங்களும் ஒரு நாள் அப்படி அளந்து பாருங்கள்.

2004 அக்டோபர் 15-ல் ஸ்டூவர்ட் சி.என்.என்-னின் 'கிராஸ்ஃபயர்' நிகழ்ச்சிக்கே போய், நீங்கள் செய்வது விவாதமில்லை, நாடகம், இதனால் நாட்டுக்குக் கெடுதல் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் அந்த நிகழ்ச்சியை நிறுத்தப்போவதாக சி.என்.என் அறிவித்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான். ஆனால் அன்று அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்களில் ஒருவரான டக்கர் கார்ல்சன் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்று நியாயமானது: கெரி உங்கள் நிகழ்ச்சிக்கு வந்தபோது நீங்கள் ஏன் கஷ்டமான கேள்வியே கேட்கவில்லை? நான் காமெடி சேனலில் இருக்கிறேன், எனக்கு முந்தின நிகழ்ச்சி பொம்மைகள் போன் பண்ணுவது என்பது போல ஸ்டூவர்ட் பதில் சொன்னார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. லட்சக்கணக்கான பேர் உங்களிடம் செய்தி தெரிந்துகொள்ளும்போது, சேனலின் பெயரைக் காட்டி ஒதுங்க முடியாது. பின்னால் அவரே அப்படி ஒதுங்கவும் இல்லை. 2010 டிசம்பரில், செப்டம்பர் 11 இடிபாடுகளில் வேலை செய்து நோயாளியான மீட்புப் பணியாளர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு முழு நிகழ்ச்சி செய்தார். செனட்டில் சிக்கிக் கிடந்த மருத்துவ உதவி மசோதா அடுத்த வாரம் நிறைவேறியது. 2019-ல் அந்த நிதி தீரப்போன சமயத்தில், நிகழ்ச்சி எதுவும் கையில் இல்லாமலேயே காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் குழு ஒன்றின் முன் போய் உட்கார்ந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துக் குரல் உடைந்து பேசினார்.

என் கதைக்கு வருகிறேன், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

2014 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. ஜான் ஆலிவர் தன் புது நிகழ்ச்சியில் நெட் நியூட்ராலிட்டி பற்றிப் பதின்மூன்று நிமிடம் பேசினார். இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் காசு கொடுப்பவர்களுக்கு வேகம், கொடுக்காதவர்களுக்கு மெதுவு என்று பிரிக்கலாமா என்ற பிரச்சினை. கடைசியில், டிவி, போன், இணையம் போன்றவற்றுக்கு விதி போடும் எஃப்.சி.சி என்ற ஆணையம் இதற்காகப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது, இதோ முகவரி, போய் எழுதுங்கள் என்றார். மறுநாள் அந்த ஆணையத்தின் கருத்துப் பக்கம் கூட்டம் தாங்காமல் திணறியது. செப்டம்பரில் கெடு முடியும்போது 37 லட்சம் கருத்துகள் வந்திருந்தன.

நான் அதை யூட்யூபில் பார்த்தேன். சிரித்தேன். அப்புறம், வழக்கம் போல இடது பக்கத்தில் எழுதினேன்: பப்ளிக் கமென்ட். வலது பக்கத்துக்காகத் தேடினேன். 1946-லிருந்தே இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அரசுத் துறை ஒரு விதியைக் கொண்டுவர வேண்டுமானால், பொதுவாக அதை முன்கூட்டியே வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும், முக்கியமான கருத்துகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பத்து வருடமாக இந்த நாட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. என் குரலுக்கு இங்கே இடமில்லை என்றே நினைத்திருந்தேன்.

வேறு என்னென்ன விதிகளுக்கு இப்போது கருத்துக் கேட்கிறார்கள் என்று பார்த்தேன். என் விதியே அங்கே இருந்தது. கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் எச்-4 மனைவி, கணவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி கொடுக்கலாம் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை மே மாதம் முன்மொழிந்திருந்தது. கெடு ஜூலை 11. நாங்கள் அந்த வரிசையில்தான் இருந்தோம்.

நாலு நாள் எழுதினேன். முதல் நாள் எழுதியதில் முழுக்க என் வருத்தம்தான். அழித்துவிட்டேன். இரண்டாவதில், என் படிப்பு என்ன, நான் வேலை பார்த்தால் ஒரு வருடத்தில் எவ்வளவு வரி கட்டியிருப்பேன், பத்து வருடத்துக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். கணக்குதான் என் தொழில், அது தானாக வந்தது. ஒரு பக்கம்தான் வந்தது. அனுப்பியதும் ஒரு நீளமான எண் வந்தது, அதை டைரியில் எழுதி வைத்தேன். சமையலறை மேஜையில், குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தபோது, நான் முதல்முதலாகச் செய்த அரசியல் காரியம் அது.

ஏறக்குறைய 13,000 கருத்துகள் வந்தன. 2015 பிப்ரவரி 25-ல் இறுதி விதி வெளியானது. அடுத்த நாளே, பிப்ரவரி 26-ல், எஃப்.சி.சி நெட் நியூட்ராலிட்டிக்கு ஆதரவாக 3-க்கு 2 என்று ஓட்டுப் போட்டது. விதியின் முன்னுரையில் துறை கருத்துகளை வகை பிரித்துப் பதில் சொல்லியிருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். என் பெயர் எங்கும் இல்லை, இருக்கவும் இருக்காது. ஆனால் வரி வருமானம், வீணாகும் படிப்பு என்று நான் எழுதிய காரணங்கள் அங்கே இருந்தன, என்னைப் போல நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். மே 26-லிருந்து விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அந்த வருடக் கடைசியில் அட்டை வந்தது, பதினோரு வருடத்துக்குப் பிறகு மறுபடி ஒரு கணக்கு ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எச்-4 விதியை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், பல வருடம் இழுத்தது, ஒவ்வொரு முறை அது செய்தியில் வரும்போதும் எங்கள் வீட்டில் தூக்கம் போகும். நெட் நியூட்ராலிட்டி விதியை 2017 டிசம்பரில் அதே எஃப்.சி.சி ரத்து செய்தது, 2024-ல் திரும்பக் கொண்டுவந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2017-ல் ஆலிவர் மறுபடி கூப்பிட்டபோது இரண்டு கோடிக்கு மேல் கருத்துகள் குவிந்தன. அதில் கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரலின் விசாரணை 2021-ல் சொன்னது. அதில் 85 லட்சத்துக்கு மேல் இணைப்புத் தரும் நிறுவனங்கள் தரப்பில் காசு கொடுத்துப் போட வைத்தவை. எதிர்ப்பக்கம் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தனியாக 77 லட்சம் போலிக் கருத்துகளை அனுப்பியிருந்தார். உங்கள் வயதுதான் தம்பி. அவருக்கும் ஆர்வம் இருந்தது, நல்ல நோக்கத்துக்காகச் செய்கிறேன் என்றுகூட நினைத்திருக்கலாம். உண்மையாக எழுதியவர்களின் குரலை அது மூழ்கடித்துவிட்டது.

அதே எஃப்.சி.சி 2025-ல் மறுபடி செய்தியில் வந்தது. ஜூலையில் கோல்பேரின் 'லேட் ஷோ'வை அடுத்த வருடம் மே மாதத்தோடு நிறுத்தப்போவதாக சி.பி.எஸ் அறிவித்தது. நஷ்டம்தான் காரணம் என்றார்கள். ஆனால் சேனலின் தாய் நிறுவனம் அப்போது ஒரு பெரிய இணைப்புக்கு எஃப்.சி.சி-யின் அனுமதியை எதிர்பார்த்துக் காத்திருந்தது, ஒரு வாரத்தில் அனுமதியும் கிடைத்தது. செப்டம்பரில் ஆணையத் தலைவரின் எச்சரிக்கையை ஒட்டி இன்னொரு காமெடியன் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சி நிறுத்தி வைக்கப்பட்டு, சில நாளில் திரும்பி வந்தது. இந்த ஆணையத்தில் எத்தனை பேர், யார் நியமிக்கிறார்கள், அவர்களுக்கு எதில் அதிகாரம், எதில் இல்லை என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இந்த மாதிரி நிகழ்ச்சிகள் சிலவும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

அப்பா விஷயம். அவரோடு வாதாடாதீர்கள். விசாவில் வந்து பல வருடம் வாழ்ந்தவருக்கு, வாயைத் திறந்தால் காகிதம் சிக்கலாகும் என்ற பயம் எலும்பில் ஊறியிருக்கும். எனக்கும் இருந்தது. அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "நம்ம கிரீன் கார்டுக்கு எத்தனை வருஷம் ஆச்சுப்பா, ஏன் அவ்வளவு ஆச்சு?" வேலை வழியாக வருகிறவர்களுக்கு ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பு இருப்பதையும், அது 1990-ல் போட்ட சட்டம் என்பதையும், இந்தியாவுக்கும் குட்டி நாட்டுக்கும் ஒரே வரம்பு என்பதையும் அவர் உங்களைவிட நன்றாகச் சொல்வார். தேதியோடு சொல்வார். அரசியல் வேண்டாம் என்று சொல்பவரிடமிருந்துதான் அதைக் கேட்பீர்கள்.

சரி, அடுத்து என்ன. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களைத் தொடுகிற விஷயமாக இருக்கட்டும்: கல்விக் கடனோ, ரயில் கட்டணமோ, விசாவோ. அதைப் பற்றிக் காமெடி பார்த்தால், அதில் வந்த காங்கிரஸ் விசாரணையை, அவற்றை முழுதாக ஒளிபரப்பும் சி-ஸ்பேன் சேனலில் வெட்டாமல் பாருங்கள். கட் செய்த கிளிப்புக்கு முன்னால் என்ன கேள்வி கேட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவாவது பாருங்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது 'ஓப்பன் சீக்ரெட்ஸ்' தளத்தில் இருக்கிறது. ராத்திரி விவாதத்தை ஒரு மாதத்துக்கு விட்டுப் பாருங்கள், எதையும் இழந்த மாதிரி தெரிந்தால் திரும்பப் போகலாம். காமெடியை விட வேண்டாம். நான் இன்னும் விடவில்லை.

அப்புறம் இன்னொன்று. உங்கள் நியூ ஜெர்சியில் ஒரு சட்டம் இருக்கிறது, 1975-லிருந்து. டவுன் கவுன்சிலும் பள்ளி வாரியமும் பொதுவில்தான் கூட வேண்டும், ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். நான் இங்கே முதல்முறை அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனபோது பதினான்கு பேர் இருந்தார்கள். ஒரு பாட்டி, தன் தெருவில் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை இல்லை என்று மூன்று நிமிடம் பேசினார். முந்தின தடவை இதே கவுன்சில் என்ன வாக்குக் கொடுத்தது, எந்தத் தேதியில் என்று ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கத்தவும் இல்லை. ஒருவர் குறித்துக்கொண்டார்.

உங்கள் டவுன்ஷிப் கூட்டம் எந்தக் கிழமை என்று தளத்தில் போட்டிருப்பார்கள், நிகழ்ச்சி நிரலும் முன்கூட்டியே இருக்கும். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள், நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை பேச வேண்டாம், உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். இடது பக்கம் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.